சாட்சி சொன்ன நீலம்

என்னுடைய மூத்திரத்தை என் கணவர் தினமும் காலையில் விளக்கில் காய்ச்சிப் பார்த்தார் என்று சொன்னால் இன்றைய பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அன்றைக்கு நான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கிணற்றடியில் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சொன்னேன். அவர் எங்கள் சபையின் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவர், கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் முதல் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்படுகிறவர். அப்படிப்பட்ட ஆள் மனைவியின் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால் சும்மாவா? எந்த ஆண்பிள்ளை செய்வான் என்று கேட்டேன். கேட்ட பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது.

தக்கலைக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். ஆலயம், அதை ஒட்டி உபதேசியார் வீடு, அதை ஒட்டி மிஷன் பெண் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். இருபதுகள் முடிந்து முப்பதுகள் தொடங்கியிருந்த சமயம். அதுவரை எனக்கு ஒரு தலைவலி காய்ச்சல் என்று வந்ததில்லை. ஊரில் பாதிப்பேர் மலைக்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த வருஷத்திலும் நான் கல்லுக்குண்டாக இருந்தேன். என் உடம்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

முதலில் தாகம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பானையில் பிள்ளைகளுக்கு வைத்த தண்ணீரை மத்தியானத்துக்குள் நானே காலி செய்துவிடுவேன். பசியும் அப்படித்தான். சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாக வளைத்துக் கட்டுவேன், ஆனால் ரவிக்கை தொளதொளத்துக்கொண்டே போனது. அடிக்கடி வெளியே போக வேண்டியிருந்தது. சபைப் பெண்கள் இதையெல்லாம் கவனித்துவிட்டு ஒருத்தி தோளை ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள். கல்யாணமாகி வெகுகாலமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்கள் சிரித்த சிரிப்பை நானும் நம்பினேன். யாருக்கும் தெரியாமல் பழைய வேட்டியைக் கிழித்துத் துணிகூடத் தைத்து வைத்தேன். பிள்ளை இல்லாத வீட்டில் இப்படி ஒரு ஆசையைக் கிளப்பிவிட்டு என் உடம்பே என்னை ஏமாற்றியது. பின்னால் ஒரு மனுஷன் ஏமாற்றியபோது, அதற்கு முன்னால் நடந்த ஒத்திகை இது என்று நினைத்துக்கொண்டேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் என் மூத்திரத்தில் சில சொட்டை எடுத்து ஒரு நீல மருந்தில் விட்டு விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் மாறாது, இது நீரிழிவு என்றார். எப்போது குணமாகும் என்று கேட்டேன். குணமாகாது, ஆனால் தினமும் கவனித்துக்கொண்டால் நெடுநாள் வாழலாம் என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தீனத்தின், அதாவது நோயின், பேரைச் சொல்லத் தெரிந்த ஆளுக்கு அதை மாற்றத் தெரியாதா என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நர்ஸம்மாவிடம் என்னை ஒப்படைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கொஞ்ச நாள் அங்கேயே தங்கிப் படிக்கச் சொன்னார்கள். ஆமாம், படிப்புத்தான் அது. நர்ஸம்மா என் கையில் ஊசியைக் கொடுத்து முதலில் வழுதலங்காயில் குத்தச் சொன்னாள். வெளியூர்க்காரர்கள் கத்தரிக்காய் என்பார்களே, அது. குத்திக் குத்தி அந்தக் காய் ஓட்டையாகிப்போனது. பிறகு என் தொடையில் குத்தச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன், கண்ணைத் திறந்து குத்து என்று அதட்டினாள். ஊசியையும் குழலையும் வெந்நீரில் கொதிக்க வைப்பது, ஊசி முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவது, இன்சுலின் புட்டியை ஈர மணலுக்குள் புதைத்துவைப்பது என்று எல்லாம் கற்றுக்கொண்டேன். சோறு ஒரு சின்னக் கிண்ணம், கிழங்கும் பழமும் பலாச்சக்கையும் கிடையாது, மீனும் கீரையும் மோரும் உண்டு. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, வடித்த கஞ்சித் தண்ணீரை, எங்கள் பேச்சில் கஞ்சி வெள்ளத்தை, மட்டும் செம்பு செம்பாகக் குடித்துக்கொண்டிருந்தேன். வெறும் வெள்ளம்தானே என்று நினைப்பு. மறுநாள் குழாய் மஞ்சளாக நின்றதைப் பார்த்து நர்ஸம்மா என்னைக் குறுக்கு விசாரணை செய்து கண்டுபிடித்தாள். நல்ல ஏச்சுக் கிடைத்தது.

அவள் முக்கியமாக ஒன்றைச் சொன்னாள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு நடுங்கும், வியர்க்கும், வாய் குழறும், உயிருக்கே ஆபத்து. அப்போது ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட வேண்டும். அப்படித் தின்னக்கூடாத கருப்பட்டியே எனக்கு மருந்தாகவும் ஆனது. முந்தானையில் ஒரு துண்டு முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் காலைப்பொழுது என்பது ஓட்டம். அடுப்பு, தண்ணீர், அவருக்குச் சாயா, பள்ளிக்கூட மணி. அதற்கிடையில் ஊசியைக் கொதிக்க வைக்க வேண்டும், குழாயைக் காய்ச்ச வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரு குழாயைக் கீழே போட்டு உடைத்தேன். அன்றுதான் அவர் அடுக்களைக்குள் வந்து, "நீ ஊசியப் பாரு பிள்ளே, குழாய நான் பாத்துத் தாறேன்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முன்திண்டில் விளக்கை வைத்துக்கொண்டு, குழாயைத் துணியில் சுற்றிப் பிடித்து, பொறுமையாக ஆட்டி ஆட்டிக் காய்ச்சுவார். பிறகு அடுக்களை வாசலில் வந்து தூக்கிக் காட்டுவார். பச்சை என்றால் நெற்றியைச் சுருக்குவார், நேற்று என்ன தின்றாய் என்று கேட்பார். நீலம் என்றால் ஸ்தோத்திரம் என்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான் என்று நினைக்கிறேன். அந்த நாட்களில் அவர் செய்ததை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். உண்மையாகத்தான் செய்தார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. சபையில் சில நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். பகல் முழுவதும் பட்டினி, இரவில் கொஞ்சம் கஞ்சி. மழைக்காகத் தொடங்கிய ஜெபத்தில் சபையிலுள்ள நோயாளிகளுக்காகவும் ஜெபித்தார்கள். உபதேசியார் மனைவி மட்டும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு உட்கார முடியுமா? நானும் போனேன். ஊசியை ஒரு நாளும் விடக்கூடாது என்று நர்ஸம்மா சொன்னது மனதில் இருந்தது, அதனால் ஊசியைப் போட்டுக்கொண்டு போனேன். சாப்பிடாமல் போட்டால் என்ன ஆகும் என்று அதே நர்ஸம்மா சொன்னது, பிரார்த்தனைக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆண்டவருக்காக இருக்கிற பட்டினி வேறு கணக்கு என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

கடைசி நாள் மத்தியானம் பெண்கள் பக்கத்தில் பாயில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன். கை நடுங்கத் தொடங்கியது. வியர்வை ஆறாக ஓடியது. இது என்ன என்று எனக்குத் தெரியும். முந்தானை முடிச்சைத் தேடினேன், விரல்கள் அதை அவிழ்க்க மறுத்தன. பக்கத்தில் இருந்தவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன், வாயிலிருந்து ஏதோ குழறல் வந்தது. பரிசுத்த ஆவி என் மேல் இறங்கிவிட்டதாக நினைத்து அவள் "அபிஷேகம்" என்று கத்தினாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். என் கணவர் ஓடிவந்து என் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் பாரம் எனக்கு நினைவிருக்கிறது. கருப்பட்டி, கருப்பட்டி என்று நான் மனதுக்குள் கதறிக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றி நூறு பேர் எனக்காக அழுதுகொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் என் முந்தானையை அவிழ்க்கத் தோன்றவில்லை. நான் விழுந்த பிறகுதான் பசி மயக்கமாக இருக்கும் என்று யாரோ ஒருத்தி கருப்பட்டிச் சாயாவை வாயில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். சபை முழுவதும் அல்லேலூயா பாடியது.

அன்று சாயங்காலம் அவர் குழாயைக் காய்ச்சினார். நீலம். அதுவரை நாங்கள் பார்க்காத சுத்தமான நீலம். பட்டினியும் ஊசியும் சேர்ந்தால் நீலமாகாமல் வேறு என்ன ஆகும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாங்கள் இருவரும் அந்த விளக்கின் முன்னால் உட்கார்ந்து அழுதோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபை முன்னால் சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் எழுந்து நின்றார். டாக்டர் கைவிட்ட தீனத்தை ஆண்டவர் தொட்டு மாற்றினார் என்றார். என்னையும் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். டாக்டர் கைவிடவில்லையே என்று மனதில் ஒரு மூலையில் பட்டது, ஆனால் அத்தனை முகங்களும் என்னைப் பார்த்து மலர்ந்திருந்தபோது அந்த மூலையை யார் பார்க்கப்போகிறார்கள்? இனி ஊசி வேண்டாம், ஊசி போட்டால் அது அவிசுவாசம் என்று அவர் சொன்னார். தொடையில் வலி இல்லாமல் ஒரு நாள் விடிந்தது எனக்கும் இனித்தது.

அதன்பின் தினமும் காலையில் அவர் குழாயைக் காய்ச்சிக் கொண்டுவந்து காட்டினார். தினமும் நீலம்.

அந்தச் சாட்சி எங்கள் சபையோடு நிற்கவில்லை. குழித்துறைப் பக்கத்துச் சபைகளிலிருந்து அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். என்னையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அறுப்பின் பண்டிகையும் வந்தது. ஆலயத்து முற்றத்தில் பந்தல் போட்டு அசனம், அதாவது சபை முழுவதும் சாதி பணம் பாராமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. என்னை முதல் பந்தியில் உட்கார வைத்து, முதல் கரண்டிப் பாயசத்தை என் இலையில் ஊற்றினார்கள். பரிமாறியவள் நகரவில்லை. பக்கத்துப் பந்தியில் இருந்தவர்களும் கை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாயசம் குடிப்பது அவர்களுக்கு இன்னொரு சாட்சி. நான் குடித்தேன். இன்னும் ஊற்றினார்கள், அதையும் குடித்தேன். எத்தனை மாதம் கழித்து! தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் தொண்டையில் இறங்கியபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். தூரத்தில் ஆண்கள் பந்தியில் என் கணவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலை குழாயில் உண்மையில் என்ன நிறம் வந்திருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர். அவர் எழுந்து வந்து என் இலையை மடித்திருக்கலாம். பந்திக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

தாகம் திரும்ப வந்தது. மெலிந்தேன். கரும்பலகையில் நானே எழுதிய எழுத்து எனக்கு மங்கலாகத் தெரிந்தது. காலில் ஒரு முள் கீறிய இடம் ஆறாமல் சிவந்து கிடந்தது. அவரிடம் சொன்னேன். குழாய் நீலமாக இருக்கிறதே, பிறகென்ன என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் அவர் மேல் வரவில்லை. என் மேல் வந்தது. விசுவாசம் குறைந்தவளின் உடம்பு இப்படித்தான் இல்லாத நோயை இழுத்துப் போட்டுக்கொள்ளும் போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஜெபத்தில் மன்னிப்புக்கூடக் கேட்டேன். யார் செய்ததற்கு யார் மன்னிப்புக் கேட்பது பாருங்கள்.

வீட்டுப் பின்னால் ஓலைமறைப்புக்குள் நாங்கள் ஒதுங்குகிற இடம் உண்டு. ஒரு நாள் காலை அங்கே எறும்பு மொய்த்திருந்ததைப் பார்த்தேன். கடித்துப் பிடுங்குகிற சிவப்பெறும்பு, ஒரு கோடாக வந்து நான் ஒதுங்கிய இடத்தில் மட்டும் கூட்டம் போட்டிருந்தது. அவர் ஒதுங்கும் மூலையில் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நீலமான மூத்திரத்தில் எறும்புக்கு என்ன வேலை?

அன்று அவர் குழித்துறையில் சபை ஊழியர் கூட்டத்துக்காக விடியுமுன்னே போயிருந்தார். குழாய், விளக்கு, நீல மருந்து எல்லாம் அவருடைய மேசை அறையில் இருந்தன. எடுத்துவந்து அடுக்களையில் வைத்து நானே காய்ச்சினேன். நீலம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. பச்சை, மஞ்சள், செங்கல். அந்தச் செங்கல் நிறத்தை ஆஸ்பத்திரியில் முதல் நாள் பார்த்தது. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். கிணற்றுத் தண்ணீரை விட்டு இன்னொரு குழாயைக் காய்ச்சினேன். நீலம். அவர் தினமும் வாசலில் நின்று காட்டுவாரே, அதே நீலம். கொஞ்சமும் மாற்றமில்லை. அந்த நீலத்தை நான் எத்தனை காலை பார்த்து ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆள் சொல்லியனுப்பிவிட்டு, தக்கலைக்கு நடந்துபோய் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா என்னைப் பார்த்ததும் முகம் மாறினாள். காலைப் பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்கள். வீட்டில் சொன்னார்கள் என்றேன். அங்கேயே ஊசி போட்டு, புண்ணைக் கழுவிக் கட்டி, படுக்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, போய்த்தான் ஆகவேண்டும் என்றேன். நர்ஸம்மா புதுப் புட்டியை என் கையில் வைத்து, "இனிக் குழாய ஆருக்க கையிலயும் குடுக்காத" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருந்தது.

அந்தியில் அவர் வந்தார். சாப்பிடட்டும் என்று காத்திருந்தேன், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. கை கழுவிவிட்டு வந்தவர் முன்னால் இரண்டு குழாயையும் வைத்தேன்.

"இஞ்ச பாருங்க. இது எனக்கது. இது கிணத்து வெள்ளம். நீங்க நிதம் எனக்குக் காட்டினது இதில எது?"

அவர் குழாய்களையே பார்த்தார். பொய் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"மொதல்ல பச்சையாத்தான் நின்னுது பிள்ளே. இத்திரி வெள்ளம் சேத்தேன், நீலமாச்சு. பச்சைக்கும் நீலத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு நெனச்சேன்."

"பொறவு?"

"பொறவு மஞ்சளாச்சு. அப்பம் நான் மூணு சபையில சாட்சி சொல்லியாச்சு." செங்கல் நிறக் குழாயைத் தள்ளிவைத்தார். "அதுக்குப் பொறவு வெள்ளம் மட்டுந்தான்."

நான் செத்துப்போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். ஆண்டவர் கைவிடமாட்டார் என்று நம்பினதாகச் சொன்னார். அவர் அழுதார். எனக்கு அது பாவமாகக்கூட இருந்தது, அதுதான் எரிச்சல்.

"ஆண்டவரு கைவிடல்ல" என்றேன். "நீங்க கைவிட்டிய."

ஆண்டவர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவர் குழாயைத் தொடவில்லை.

என் கணவர் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். ஊசி போட்டுக்கொள், குழாயையும் நீயே பார்த்துக்கொள், ஆனால் கொஞ்சகாலம் வெளியே சொல்லாதே. சாட்சியைக் கேட்டு எத்தனையோ பேர் ஆலயத்துக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள், அவர்கள் விசுவாசம் உடைந்துபோகும் என்றார். எனக்கு இருந்த அயர்ச்சியில் சரி என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு தொடையிலும் கையிலும் மாறிமாறி ஊசி போட்டேன். திருடியைப் போல வெந்நீர் வைத்தேன். கால் புண் மெல்ல ஆறியது, கரும்பலகை தெளிந்தது. அசனத்திலும் விருந்திலும் வயிறு சரியில்லை என்று சொல்லி இலையை மடித்தேன். கட்டியவன் பொய்யைக் காப்பாற்ற என் உடம்பையே ஒளித்துவைத்து வாழ்ந்த அந்த மாதங்களை நினைத்தால், நோயைவிட அது கேவலமாக இருக்கிறது.

அப்போதுதான் குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். வெயிலில் வந்ததில் முகம் கறுத்திருந்தது. இடுப்பில் ஈரத்துணியில் சுற்றி எதையோ வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் அவிழ்த்துக் காட்டினாள். இன்சுலின் புட்டி, பாதி இருந்தது. அதை இங்கேயே எங்கள் கிணற்றடியில் உடைத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். அவளுடைய சபையில் என் கணவர் பேசியதைக் கேட்டாளாம். வீட்டிலும் எல்லாரும் சொல்கிறார்களாம். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் பயம்.

"உபதேசியாரம்மா, உள்ளதச் சொல்லணும்" என்றாள். "ஊசி இல்லாம உங்களுக்க தீனம் மாறிச்சா?"

என் கணவர் நாற்காலியில் இருந்தார். நான் வாய் திறக்குமுன், விசுவாசித்தால் ஆண்டவரால் ஆகாதது இல்லை என்று தொடங்கினார். அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை, அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்ததும்தான் எனக்குள் ஏதோ அறுந்தது. என்னைக் கொல்லப் பார்த்ததுகூட அவருக்குப் போதவில்லை. நான் ரவிக்கைக் கையை மேலே தூக்கிக் காட்டினேன். தோளுக்குக் கீழே ஊசிக் குத்துகள், பழையதும் புதியதும்.

"இது இன்னைக்கு விடியக்காலத்த குத்தினது. எனக்க தீனம் மாறல்ல மக்கா. ஊசிய விட்டிராத. விட்டா செத்துப்போவ."

அவள் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு புட்டியைத் திரும்பவும் ஈரத்துணியில் சுற்றினாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். என் கணவரைப் பார்க்காமலே படியிறங்கிப் போனாள். அவள் உயிரோடு இருந்தாள் என்று பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் கேள்விப்பட்டேன். அன்று எனக்கு அது தெரியாது. என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்து மேசை அறைக்குப் போனது மட்டும் தெரியும்.

விஷயம் ஊரில் பரவ நேரமாகவில்லை. சபையார் அவரைக் கேள்வி கேட்பார்கள், அவர் தலைகுனிவார் என்று நான் பயந்தேன். அவருக்காகப் பயந்தேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கம் செய்தார். ஆண்டவர் கொடுக்கிற சுகத்தைக் காத்துக்கொள்ளத் தெரியாதவர்களைப் பற்றிப் பேசினார். பெற்றுக்கொண்ட ஆசீர்வாதத்தை நாவின் ருசிக்காக இழந்துபோகிறவர்கள் உண்டு, அவர்களுக்காக நாம் துக்கப்பட வேண்டும் என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. என் இலையில் பாயசம் ஊற்றியவள் எனக்கு முன்வரிசையில் இருந்தாள். அவளும் திரும்பினாள், அவள் கண்ணில் இரக்கம் இருந்தது. நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, குழாயில் ஊற்றியது கிணற்று வெள்ளம் என்று சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? நோய் திரும்பி வந்தவள் பேச்சையா, நோயை மாற்றியவர் பேச்சையா?

மறுநாள் காலை அடுக்களையில் விளக்கை ஏற்றிக் குழாயைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பிரசங்கம் செய்தவர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"என்ன நிறம்?" என்று கேட்டார்.

மஞ்சளாக நின்றது.

"நீலம்" என்றேன்.

அவர் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் உயிரோடு இருந்தவரை தினமும் காலையில் அந்த வாசலில் நின்று கேட்டார். பச்சையோ மஞ்சளோ செங்கலோ, நான் நீலம் என்றே சொன்னேன். என் ஊசியை, என் கிண்ணத்துச் சோற்றை, என் முந்தானைக் கருப்பட்டியை நானே பார்த்துக்கொண்டேன். அவரை அடக்கம் செய்த பிறகும் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். வாசலுக்கும் விளக்குக்கும் நடுவில் கூப்பிடு தூரம்கூட இல்லை, இரண்டு எட்டு வைத்தால் போதும். ஒரு நாளாவது உள்ளே வந்து பார்த்திருக்கலாம். அவர் வரவில்லை.